ஏணியில் நின்ற சம்பந்தி

ரெனாட்டோவை எங்கள் தெரு முதலில் கூர்க்கா என்றுதான் முடிவு செய்தது. கையில் தடி இல்லை, விசில் இல்லை, ராத்திரியில் தெருவைச் சுற்றவும் இல்லை. ஆனால் சின்னக் கண்ணும் சப்பை மூக்குமாக ஒரு மனிதர் குடிவந்தால் அந்தக் காலத்துத் திருவண்ணாமலையில் வேறு என்ன நினைப்பார்கள்? மாதம் பிறந்ததும் நாலைந்து வீட்டிலிருந்து ஆளுக்கு இரண்டு ரூபாய் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவர் இரண்டு கையாலும் வாங்கி, தலையைக் குனிந்து சிரித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். புதிதாகக் குடிவந்தவருக்கு அக்கம்பக்கத்தார் பணம் கொடுப்பது இந்த ஊர் வழக்கம் என்று நினைத்துவிட்டார் பாவம்.

அவர் மனைவி திரௌபதி அக்காவுக்கு விஷயம் தெரிந்ததும் வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுத்தாள். நான் அப்போது அரைக்கால் சட்டை. எங்கள் வாசலில் நின்று அவள் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

"அவரு என் வூட்டுக்காரரு. ஏசி மெக்கானிக்கு. கத்தார்ல வேலை பாத்தவரு. இனிமே எவனாவது ரெண்டு ரூபா எடுத்துகினு வந்தீங்க, நடுத்தெருவுல நிக்க வெச்சு கேப்பேன்!"

திரௌபதி அக்கா தண்டராம்பட்டுப் பக்கம். கத்தாரில் ஒரு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலைக்குப் போனவள். அந்த அறையின் ஏசி அடிக்கடி கெட்டுப்போகும். ரிப்பேர் செய்ய வருபவர் ரெனாட்டோ. ஏசி ஏன் அத்தனை முறை கெட்டது என்று பின்னாளில் அவரிடம் கேட்டால், "மெஷின் நல்ல மெஷின். நான்தான் கெட்ட மெக்கானிக்" என்று கண் இடுங்கச் சிரிப்பார். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று அக்கா ஊர் திரும்பினாள். ஆறு மாதம் கழித்து, பிலிப்பைன்ஸில் பட்டாங்காஸ் என்கிற தன் ஊருக்குப் போகவேண்டிய மனிதர், ஒரு பெரிய அட்டைப் பெட்டியோடு திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினார். அதன் பிறகு இந்த ஊரை விட்டுப் போகவே இல்லை.

முதலில் பிரிட்ஜ், ஐஸ்கிரீம் பெட்டி. பிறகு செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைச் சுற்றி லாட்ஜும் கெஸ்ட் ஹவுசும் முளைத்தபோது ஏசி. பாதி வெள்ளைக்காரர்கள் அவர் கையால்தான் குளிர்ந்தார்கள். மூன்று வேளையும் சோறு, கூடவே கருவாடு. தமிழ் நன்றாகப் பேசுவார். ழ மட்டும் வராது. எங்கள் தெருவில் யாருக்குத்தான் வந்தது?

அவரிடம் இரண்டு பழக்கம் இருந்தது. ஒன்று, வெறுங்கையோடு வீடு திரும்ப மாட்டார். அவர் ஊரில் அதற்குப் பசாலுபோங் என்று பேராம். வேலைக்குப் போய்விட்டு வந்தால், பிள்ளைக்கு ஒரு கடலை மிட்டாயாவது பையில் இருக்க வேண்டும். வீட்டில் இருக்கும் நாளில் நேந்திரம்பழத்தைச் சர்க்கரையில் புரட்டி, சமோசா மாவுத் தாளில் சுருட்டிப் பொரித்துத் தருவார். நாங்கள் அதற்கு வாழைப்பழ சமோசா என்று பேர் வைத்தோம். இன்னொன்று, அவர் ஊரில் பிள்ளைகள் பெரியவர்களைக் கும்பிடுவதில்லை. பெரியவர் கையை எடுத்து, அதன் புறங்கையைத் தங்கள் நெற்றியில் ஒற்றிக்கொள்வார்கள். அவர் மகள் அருணாதேவி சின்ன வயதில் தினமும் வாசலில் நின்று அப்பாவுக்கு அப்படிச் செய்வாள்.

"இன்னாடி, டெய்லி அப்பன் கையை வெச்சு ஜுரம் பாத்துக்கற?" என்று தெருவே கிண்டல் செய்யும்.

பள்ளிக்கூடத்தில் அவளைச் சீனாக்காரி என்பார்கள். பத்தாவது படிக்கும்போது ஒருநாள் தோழிகளோடு வந்துகொண்டிருந்தாள். அவர் வண்டியை நிறுத்தி வழக்கம்போலக் கையை நீட்டினார். அவள் பார்க்காதவள்போல நடந்துபோனாள். நீட்டிய கையை அவர் அப்படியே பேன்ட் பையில் விட்டுச் சாவியைத் தேடினார். சாவி வண்டியிலேயே இருந்தது.

அருணா கெட்டிக்காரி. படித்தாள், வேலைக்குப் போனாள், கீழ்பென்னாத்தூர் பிரசாத்தைக் காதலித்தாள். பிரசாத்தின் அப்பா ராஜேந்திரனுக்கு நெல்லும் மல்லாட்டையும் விளைகிற நிலம், ஊர் முழுக்கச் சொந்தம். பெண் பார்க்க வந்த அன்று எல்லோரும் பஜ்ஜி சாப்பிட்டார்கள். பிறகு ராஜேந்திரன் துண்டை மடித்து மடியில் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

"பொண்ணு தங்கமான பொண்ணுதான், அதுல ஒண்ணும் கொறை இல்ல. அப்பன் எந்த ஊருன்னு எங்க ஜனம் கேக்குமே. பிலிப்பைன்ஸ்னா அது ஊரா, மாத்திரையான்னே அவங்களுக்குத் தெரியாது."

ஒரு வழியும் அவரே சொன்னார். பெண்ணின் அப்பா அஸ்ஸாம் பக்கத்து ஆள், மிலிட்டரியில் இருக்கிறார் என்று சொல்லிக்கொள்ளலாம். முகத்துக்கும் பொருந்தும், கௌரவத்துக்கும் பொருந்தும். திரௌபதி அக்கா தட்டைத் தூக்கி எறியாத குறை. அருணா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். ரெனாட்டோ மகளைத்தான் பார்த்தார். அவள் நிமிர்ந்து ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று கொஞ்சநேரம் காத்திருந்திருப்பார் போல. பிறகு அவரே சொன்னார்.

"பரவால்ல திரௌ. நான் மிலிட்டரி. நல்ல வேலைதான்."

அன்றிலிருந்து எங்கள் ரெனாட்டோ எல்லையில் காவல் நின்றார். கோயிலில் தாலி கட்டும்போது நாலு பேரோடு நாலு பேராக நின்றார். கீழ்பென்னாத்தூர் வரவேற்புக்கு அவருக்கு லீவு கிடைக்கவில்லை. பேத்தி கவிநிலா பிறந்து பேர் வைத்த நாளில் சண்டை வரும்போல் இருந்ததாம், வரமுடியவில்லை. காது குத்துக்கும் அதே. இத்தனை வருஷத்தில் ஒரு பிரமோஷன் இல்லை, ரிட்டையர்மென்ட் இல்லை, இந்திய ராணுவத்தில் இப்படி உழைத்த ஆள் எவனும் இருக்கமாட்டான். அந்த நாளில் எல்லாம் அவர் எங்கள் தெருவில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஏசி பில்டர் கழுவிக்கொண்டிருப்பார்.

திரௌபதி அக்கா கொரோனாவில் போய்விட்டாள். அதன் பிறகு அவருக்குப் பேத்திதான் எல்லாம். அருணாவும் பிரசாத்தும் வேங்கிக்காலில் வீடு கட்டிப் போய்விட்டார்கள். தினமும் சாயங்காலம் டிவிஎஸ் வண்டியில் போய், பள்ளிக்கூட வாசலில் நின்று, கவிநிலாவை ஏற்றிக்கொண்டு வீட்டில் விடுவார். வண்டியில் ஏறும் முன்பு அந்தப் பெண் தாத்தா கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்ளும். யார் பார்க்கிறார்கள் என்று அது பார்க்காது.

போன சித்திரை கடைசியில் கவிநிலா பெரிய மனுஷி ஆனாள். அருணா என் கடைக்கு வந்தாள். போளூர் ரோட்டில் எனக்கு பிளெக்ஸ் போர்டு அடிக்கும் கடை. பௌர்ணமிக்கு அன்னதானம், மற்ற நாளில் கல்யாணமும் கருமாதியும். மஞ்சள் நீராட்டு விழா என்றால் எங்கள் பக்கத்தில் பெண்ணின் படத்தைவிடச் சொந்தக்காரர் படம்தான் முக்கியம். எவர் முகம் விட்டுப்போனாலும் மண்டபத்தில் பந்தி நடக்காது, பஞ்சாயத்துதான் நடக்கும். கொண்டுவந்த படங்களை நான் ஒவ்வொன்றாக ஏற்றினேன். மாமனார், மாமியார், சித்தப்பன்மார், கூலிங் கிளாஸ் போட்ட பிரசாத்தின் கபடி டீம், இன்னும் பல் முளைக்காத இரண்டு குழந்தைகள்.

"அப்பா போட்டோ?" என்று கேட்டேன்.

"அம்மா போட்டோ மட்டும் மேல போடுங்க கோபிண்ணா. அப்பாவுது வேணாம். எடம் இல்ல."

கபடி டீமில் ஒருவனைக் குறைத்தால் இடம் வரும் என்று சொல்ல வாய் வந்தது. அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலம் அவள் எங்கள் தெருவுக்கு வந்து அப்பாவிடம் பேசினாள். அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். நான் ஒட்டுக் கேட்கவில்லை, சுவர் மெல்லிசு.

"மண்டபத்துல ஒரே கூட்டமா இருக்கும்பா. நீ சாயங்காலமா வூட்டுக்கு வந்துடு. பாப்பா அலங்காரத்தோடவே இருப்பா. நிதானமா பாக்கலாம்."

"சரிமா. வரேன். அவளுக்கு வாளப்பளம் பொரிச்சு எடுத்துட்டு வரேன்."

விழா அவலூர்பேட்டை ரோட்டில் ஒரு மண்டபத்தில். அக்னி நட்சத்திரம். அண்டாவில் வைத்த சோறு மாதிரி ஜனம் வெந்துகொண்டிருந்தது. தாய்மாமன் ஸ்தானத்தில் நிற்க அருணாவுக்கு அண்ணன் தம்பி இல்லை. திரௌபதி அக்காவின் தங்கை மகன் வேடியப்பன் சீர்த்தட்டோடு வந்து நின்றான். கவிநிலா பட்டுப்புடவையில், மாலையும் நகையுமாக மேடையில் உட்கார்ந்திருந்தாள். அந்த நேரம் பார்த்து மேடைக்கு மேலிருந்த ஏசி நின்றது. பெண்ணின் நெற்றியிலிருந்து மேக்கப் வடிய ஆரம்பித்தது. மண்டபத்து மேனேஜர் தன் வழக்கமான மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

பிறகு அந்த மேனேஜரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். போனில் ரெனாட்டோ முதலில், "இன்னிக்கு வேற ஆளக் கூப்பிடுங்க" என்றாராம். "மேடையில பொண்ணு வேர்த்து ஊத்தினு உக்காந்திருக்கு சார்" என்று மேனேஜர் சொன்னதும், "வரேன்" என்று வைத்துவிட்டாராம்.

சாம்பல் நிற வேலைச் சட்டை, தோளில் கருவிப் பை. பக்கவாட்டுக் கதவு வழியாக வந்தார். யாரையும் பார்க்கவில்லை. ஏணியை மேடை ஓரத்தில் சாத்தி ஏறினார். பிரசாத் யாரையோ வரவேற்பதுபோல வாசலுக்குப் போய்விட்டான். ராஜேந்திரனுக்குத் திடீரென்று சீர்த்தட்டில் இருந்த வாழைப்பழத்தின் மேல் அக்கறை வந்து, ஒவ்வொரு சீப்பாக எண்ண ஆரம்பித்தார்.

ராஜேந்திரனின் அக்கா வேதா முன்வரிசையில் இருந்தாள். கிழவிக்குக் கண் பருந்துக் கண். ஏணியில் இருந்தவரைப் பார்த்தாள், மேடையில் இருந்த பேத்தியைப் பார்த்தாள், மறுபடியும் ஏணியைப் பார்த்தாள்.

"ஏம்மா அருணா, யாரது? நம்ம பாப்பா மூஞ்சிய அப்படியே உரிச்சு வெச்சாப்ல இருக்கு?"

"ஏசி மெக்கானிக், அத்தை."

"மெக்கானிக்குன்னு தெரியுது, ஏணி மேல நிக்கிறாரே. யாருன்னு கேக்கறேன்."

"யாரோ அத்தை. மண்டபத்துக்காரங்க கூட்டியாந்தாங்க."

ஏசி ஓடவில்லை. மேளக்காரர்கள் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்கள். அருணா மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் பந்தி வரைக்கும் கேட்டது. ரெனாட்டோ ஸ்குரூ டிரைவரைப் பிடித்த கையோடு கீழே நின்ற மகளைப் பார்த்தார்.

"ரெண்டு நிமிஷம் மேடம். சரி ஆயிடும்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. தினமும் கஸ்டமரிடம் சொல்வாரே, அதே மரியாதையோடு சொன்னார். அருணாவுக்குக் காது மடல் வரை சிவந்து போயிற்று. கவிநிலா நாற்காலியிலிருந்து எழப் பார்த்தாள். அருணா அவள் தோளில் கையை வைத்து அழுத்தினாள்.

"உக்காரு. ஆரத்தி இன்னும் முடியல."

பெண் உட்கார்ந்தது. தலையைக் குனிந்து மாலையைப் பார்த்தது. தாத்தா ஏணியில் இருந்த அத்தனை நேரமும் அது நிமிரவே இல்லை.

சில்லென்று காற்று வந்ததும் மண்டபம் முழுக்க "ஹப்பா" என்றது. அவர் ஏணியை மடக்கி, வந்த வழியே போனார். வாசலில் நான் நின்றிருந்தேன். பையிலிருந்து நியூஸ்பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார்.

"கோபி, பாப்பாக்கு. சூடு ஆறிடுச்சி. பரவால்ல, நல்லாதான் இருக்கும்."

நான் அதை அருணாவிடம் கொடுத்தேன். எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. சீர்த்தட்டில் வைக்க முடியாது. கீழே வைக்கவும் கை வரவில்லை. முந்தானைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். ஜனம் வரிசையாக மேடை ஏறிப் படம் எடுத்துக்கொண்டபோது, எல்லாப் படத்திலும் அவள் ஒரு கையை முந்தானைக்குள் வைத்தபடியே நின்றாள். எண்ணெய் கசிந்து, இறங்கும்போது அரக்குப் பட்டில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. பிரசாத்தின் சித்தி, "இன்னாம்மா புதுப் பொடவைய இப்படிப் பண்ணிக்கினே?" என்று கேட்டாள்.

சாயங்காலம் ரெனாட்டோ வேங்கிக்காலுக்குப் போகவில்லை. செங்கம் ரோட்டில் அவசர வேலை வந்துவிட்டது என்று போனில் சொன்னார். என் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் தெரிந்தது, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஏற்கெனவே கழுவின பில்டரை மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

கோடை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் பேத்தியைக் கூட்டிவரப் போவதை மட்டும் விடவில்லை. ஆனால் வாசலில் நிற்பதை விட்டுவிட்டார். திருப்பத்தில், ஜெராக்ஸ் கடை தாண்டி, ஒரு வேப்பமரத்தின் பின்னால் வண்டியை நிறுத்திக்கொள்வார். "ஏன் தாத்தா இங்க நிக்கிற?" என்று பெண் கேட்டால், "கேட்டுல ஜனம் ஜாஸ்தி" என்பார். அது கையை எடுத்து நெற்றியில் ஒற்றும்போது, யாராவது பார்க்கிறார்களா என்று இப்போது அவர் சுற்றிலும் பார்த்தார்.

போன தை மாதம், ஆசிரமத்துப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸ் மொட்டைமாடியில் வேலை செய்துகொண்டிருந்தவர், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். களைப்பாக இருக்கிறார் போல என்று வீட்டுக்காரர் விட்டுவிட்டார். டீ கொண்டுபோனபோதுதான் தெரிந்தது.

மறுநாள் நான் கடை திறக்கும்போதே அருணா வாசலில் நின்றிருந்தாள். பிரசாத் தெரு ஓரத்தில் பைக்கில் உட்கார்ந்திருந்தான். அவள் கையில் மஞ்சள் நீராட்டு விழா ஆல்பம். ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். வேடியப்பன் கவிநிலாவுக்கு மாலை போடுகிற படம். பின்னால், ஓரத்தில், ஏணியில் ரெனாட்டோ. ஸ்குரூ டிரைவரை வாயில் கவ்விக்கொண்டு பேத்தியையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"இதான் போடணும் கோபிண்ணா."

"அஞ்சலி போர்டுக்கு பாஸ்போர்ட் போட்டோ மாதிரி இருந்தா நல்லா இருக்கும்மா. சரி, மூஞ்சிய மட்டும் வெட்டி எடுத்துக்கறேன்."

"வெட்டாதீங்க. ஏணியோட போடுங்க."

அப்போது அவள் போன் அடித்தது. ராஜேந்திரன். அவருக்கு எப்போதும் வயலுக்கு அந்தப் பக்கம் இருப்பவனைக் கூப்பிடும் குரல்.

"போர்டெல்லாம் எதுக்கும்மா? மிலிட்டரின்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கோம். கொடி எங்க, துப்பாக்கி எங்கன்னு கேப்பானுங்க. நம்ம மானம் போயிடும்."

"கேட்டா என் நம்பர குடுங்க மாமா" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

என்ன எழுதுவது என்று கேட்டேன். வழக்கமான கண்ணீர் வரிகள் எல்லாம் என்னிடம் ரெடியாக இருக்கும். எதுவும் வேண்டாம் என்றாள். "எங்க அப்பா ரெனாட்டோ. ஏசி மெக்கானிக். பட்டாங்காஸ், பிலிப்பைன்ஸ். இவ்ளோதான். கீழ மகள் அருணாதேவி, பேத்தி கவிநிலா."

"மாப்பிள்ளை பேரு?"

"அவரே வந்து சொன்னா போடுங்க."

பிரசாத் காதில் விழுந்திருக்க வேண்டும். இறங்கி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைக்குள் நின்றான். "என் பேரும் போடுங்கண்ணே. கடைசியா போடுங்க."

மூன்று போர்டு அடித்தேன். ஒன்று எங்கள் தெருவுக்கு, ஒன்று வேங்கிக்காலுக்கு, ஒன்று கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு. மூன்றாவதைக் கட்டப் பிரசாத்தே வந்தான்.

எங்கள் தெருவில் அவர் வீட்டு முன்னறையில் குளிர்பெட்டியில் வைத்திருந்தார்கள். பெட்டி வாடகைக்கு விடுகிற சடையன் அறுபது வயதுக்காரர், யாரிடமும் அதிகம் பேசமாட்டார். அன்று வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார். "இந்தப் பொட்டி நின்னு போயி நான் தூக்கிப் போட இருந்தேன். இவருதான் சரி பண்ணிக் குடுத்தாரு. இன்னிக்கு பாரு, கொஞ்சம்கூட சத்தம் இல்லாம ஓடுது."

மத்தியானம் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு வேன் நிறைய ஜனம் வந்தது. வேதா அத்தை முதலில் இறங்கினாள். அவர்கள் பின்னால் ராஜேந்திரன், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல். உள்ளே கவிநிலா கண்ணாடி மூடி மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, தாத்தா கை வேணும்."

சடையன் தயங்கினார். அருணாவே மூடியைத் தூக்கினாள். பெண் குனிந்து, விறைத்த கைமேல் தன் நெற்றியை வைத்து எடுத்தது. அடுத்து அருணா குனிந்தாள். பத்தாவது படிக்கும்போது விட்டது. நெற்றியை வைத்தவள் எடுக்கவில்லை.

வேதா அத்தை அவள் முதுகில் கை வைத்தாள். அருணா நிமிர்ந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, கீழ்பென்னாத்தூர் ஜனம் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"எங்க அப்பா, அத்தை. மெக்கானிக் இல்ல. அன்னிக்கு நான்... எங்க அப்பா அத்தை இவரு."

"தெரியும்மா" என்றாள் கிழவி.

அருணா புரியாமல் பார்த்தாள்.

"கல்யாணம் ஆன வருஷமே தெரியும். எங்க பிரிட்ஜு ரிப்பேருக்கு இவருதான வந்தாரு. பேசறப்பவே பொண்ண இந்த ஊருலதான் குடுத்திருக்கேன்னு சொன்னாரு, பேரு சொல்லல. எங்களுக்குத் தெரியாதா? ஊருக்கே தெரியும். இந்த ராஜேந்திரன் சொல்ற மிலிட்டரி கதைய கேட்டு நாங்க வாயப் பொத்திக்கினு சிரிப்போம்." கிழவி பெட்டிக்குள் இருந்த முகத்தைப் பார்த்தாள். "அன்னிக்கு மண்டபத்துல தெரிஞ்சுகினேதான் கேட்டேன். நீ வாயத் தெறந்து அப்பான்னு சொல்லுவே, அவரை எறங்க வெச்சு மாலை போடலாம்னு கையில வெச்சுகினு உக்காந்திருந்தேன்."

நானும் எங்கள் தெருக்காரர்களும் சுவரைப் பார்த்தோம். எங்களுக்கும் எல்லாம் தெரியும், நாங்களும் சிரித்தவர்கள்தான். வாசலில் நின்ற ராஜேந்திரன் துண்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டார். ஒளித்து வைத்ததாக நினைத்தவர்கள் ராஜேந்திரன், பிரசாத், அருணா என்று மூன்றே பேர்தான். மற்ற எல்லோருக்கும் தெரிந்த ஒரு மனிதர், தன் பேத்தியின் விழாவில் ஏணியில் நின்றுவிட்டுப் போயிருக்கிறார்.

மூடி திறந்தே இருந்தது. குளிர் எல்லாம் அறைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சடையனுக்கு விஷயம் எதுவும் தெரியாது, பெட்டியைப் பற்றித்தான் கவலை. மெதுவாகப் பக்கத்தில் வந்து, வாடிக்கைக்காரர்களிடம் பேசுகிற அதே மரியாதையோடு கேட்டார்.

"ரெண்டு நிமிஷம் ஆயிடுச்சி மேடம். மூடிடலாமா?"

அருணா அந்தப் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.